மூன்று மில்லி

மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அவளுக்குச் ‘சொட்டு’ என்று பெயர் விழுந்துவிட்டது. கைக்குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து வாங்க வந்த ஒருவரை, “எத்தனை சொட்டு, எத்தனை வேளைன்னு திருப்பிச் சொல்லுங்க பாப்போம்” என்று நிறுத்தி வைத்து, அவர் பள்ளிக்கூடப் பையன் மாதிரி ஒப்பித்த பிறகுதான் பாட்டிலைக் கையில் கொடுத்தாள். பார்த்துக்கொண்டிருந்த முதலாளி வைத்த பெயர் அது. பதினான்கு வருடமாயிற்று. கடையிலிருந்து வீட்டுக்கும் வந்து ஒட்டிக்கொண்டுவிட்டது. கல்லூரிக்குப் போகும் மகள்கூடக் கோபம் வந்தால்தான் அம்மா என்பாள், மற்ற நேரத்தில் சொட்டம்மாதான்.

அப்படிப்பட்டவள் அளவில் கோட்டை விட்டாள் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அவளே நம்பவில்லை. அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை அவ்வளவு எரிச்சல்.

அவள் கணவர் டவர் கிரேன் ஓட்டுபவர். கட்டடம் எழும்ப எழும்பக் கூடவே வளர்ந்து நிற்கும் மஞ்சள் இரும்புக் கோபுரம், அதன் உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டு. காலையில் ஏறினால் சாயங்காலம்தான் இறக்கம். வீட்டில் அவர் பேச்சு அளந்து வைத்தது போல இருக்கும். “சாப்பிட்டாச்சு.” “சரி.” “பரவால்ல.” இந்த மூன்றை வைத்தே இருபது வருடக் குடித்தனத்தை ஓட்டிவிட்டார். கோபக்காரர் இல்லை, குறை சொல்கிறவரும் இல்லை. ஆனால் சுவரோடு பேசினால் சுவராவது எதிரொலிக்கும் என்று சொட்டு அவ்வப்போது அலுத்துக்கொள்வாள்.

சொட்டுக்கு இருக்கிற ஒரே பைத்தியம் போட்டோ. அதுவும் ஃபிலிம் போட்டு எடுக்கிற கறுப்பு வெள்ளை. படிக்கிற காலத்தில் தொற்றிக்கொண்டது, கல்யாணம், பிள்ளை என்று விட்டுப்போய், மகள் தன் தலையைத் தானே பின்னிக்கொள்ள ஆரம்பித்ததும் மறுபடி வந்துவிட்டது. ஃபிலிமை வெளியே அனுப்பினால் திரும்பி வர மூன்று வாரம் ஆகும். அதனால் வீட்டுக் குளியலறையிலேயே கழுவுவாள். ஜன்னல் இல்லாத குளியலறை அவளுக்கு வாய்த்த வரம். மற்றவர்களுக்கு அது சாபம், ஏனென்றால் வீட்டில் இருப்பதே அது ஒன்றுதான்.

அந்த வாரம் வியாழக்கிழமை, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவர் தட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

“கட்டடம் முடிஞ்சிருச்சு. சனிக்கிழமை நாலஞ்சு சுமை கீழ இறக்கணும், அவ்ளோதான். திங்கக்கிழமைலேர்ந்து கிரேனையே கழட்டிடுவாங்க. சைட் பெரியவர்கிட்ட கேட்டேன். நீ மேல வந்து போட்டோ எடுக்கணும்னா எடுக்கலாம்னாரு.”

மகள் கையில் எடுத்த கவளத்தை அப்படியே வைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். அந்த மாதத்தில் அவர் பேசிய மிக நீளமான பேச்சு அது.

“நானா? அவ்ளோ உயரத்துக்கா?” என்றாள் சொட்டு. கடையில் மேல் தட்டிலிருந்து டப்பா எடுக்க முக்காலியில் ஏறினாலே கண்ணை மூடிக்கொள்கிறவள் அவள்.

“வேணாம்னா பரவால்ல.”

அந்தப் ‘பரவால்ல’தான் அவளை உசுப்பிவிட்டது. “வர்றேன்” என்று சொல்லிவிட்டாள்.

சனிக்கிழமை காலை, கிரேனின் அடியில், சிக்னல்காரர் அவளுக்கு இடுப்பிலும் தோளிலும் பட்டையை மாட்டி இறுக்கினார். தரையில் நின்றபடி வாக்கி டாக்கியில் மேலே இருப்பவருக்கு வழி சொல்கிறவர் அவர். ஏழு வருடமாக அவள் கணவரோடு ஒவ்வொரு இடமாகச் சேர்ந்தே போகிறவர். பெயர்தான் காதில் விழுந்திருக்கிறதே தவிர அவள் ஆளைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

“தங்கச்சி, மேலயும் பாக்காத, கீழயும் பாக்காத. மூஞ்சிக்கு நேரா இருக்கற இரும்ப மட்டும் பாரு. ஒவ்வொரு தட்டுலயும் நின்னு மூச்சு வாங்கிக்க. அவசரமே இல்ல.”

செங்குத்தான ஏணியில் பதினொரு தட்டு. நான்காவதில் பட்டையை இன்னொரு தடவை இறுக்கிக்கொண்டாள். ஆறாவதில் காற்று சட்டைக்குள் புகுந்து படபடத்தது. எட்டாவதில், ‘இறங்கிடலாம், யார் கேக்கப் போறாங்க’ என்று நினைத்தாள். ஆனால் இறங்குவதற்கும் கீழே பார்த்தாக வேண்டுமே என்று தோன்றி மேலேயே ஏறினாள். மேலே போய்ச் சேர்ந்தபோது கை இரண்டும் இரும்பு வாடை அடித்தது. கணவர் கூண்டின் கதவைத் திறந்து கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார். சலவை மடிப்புக் கலையாத நீலச் சட்டை போட்டிருந்தார். தலையை வழித்துச் சீவியிருந்தார். காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போது அந்தச் சட்டை அவர் மேல் இல்லை. பையில் வைத்து எடுத்து வந்து மேலே போய் மாற்றியிருக்கிறார்.

அவள் ஓரமாக ஒரு டூல் பெட்டியில் உட்கார்ந்து, காலுக்குக் கீழே இருந்த கண்ணாடியைப் பார்க்காமல் கேமராவை எடுத்தாள்.

அப்புறம் நடந்ததுதான் அவளுக்கு அதிசயம். அவர் இருக்கையில் உட்கார்ந்து இரண்டு கையிலும் பிடியைப் பிடித்ததும் வேறு ஆளாகிவிட்டார்.

“என்ன மச்சான், தூங்கிட்டியா? குழாய்க் கட்டு இங்க அந்தரத்துல நின்னு அழுவுது.”

வாக்கி டாக்கி கரகரத்தது. “இறக்கு இறக்கு. என் தலையில இறக்காம இருந்தா சரி.”

“உன் தலையில இறக்கினா குழாய்தான் வளையும். கம்பெனிக்கு நஷ்டம்.”

“தங்கச்சி பக்கத்துல இருக்குன்னு ரொம்பத்தான் துள்ளாத.”

“அவ இருக்கறதாலதான் இவ்ளோ மரியாதையாப் பேசறேன்.”

சொட்டு வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். இந்த மனிதர் எங்கே இருந்தார் இத்தனை நாள்? பேசிக்கொண்டே இருந்தார். குழாய்க் கட்டு காற்றில் லேசாக ஆடினால் அதைக் குழந்தையை அதட்டுவது போல அதட்டினார். பக்கத்துக் கட்டடத்து மாடியில் தினமும் துணி காயப்போடும் ஒரு தாத்தாவை அவளுக்குக் காட்டி, “அவருக்கு நான் இங்கேர்ந்து கைய ஆட்டுவேன், அவரு துண்ட ஆட்டுவாரு, மூணு வருஷப் பழக்கம்” என்றார். சொட்டுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பொறாமையாகவும் இருந்தது. வார்த்தையையெல்லாம் இங்கேயே செலவழித்துவிட்டு வீட்டுக்கு வெறும் பையாகத் திரும்பியிருக்கிறார் மனுஷர்.

முப்பத்தாறு படமும் எடுத்துத் தீர்த்தாள். அவர் கைகள். கண்ணாடிக்கு அப்பால் நீண்டு போகும் இரும்புக் கை. கீழே கட்டைவிரல் அளவு சிக்னல்காரர். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் வாய்விட்டுச் சிரித்த நான்கைந்து படங்கள். முன்பல் ஒன்று ஏறியிருப்பதால் அவர் போட்டோவில் வாயைத் திறந்ததே கிடையாது. கல்யாணப் படத்தில்கூட உதட்டை மடித்துக்கொண்டு, மருந்து குடிக்க மறுக்கிற பிள்ளை மாதிரி நிற்பார்.

அன்று சாயங்காலம் அவர் கேட்டார். “திங்கக்கிழமை காலைல கிளம்பணும். அதுக்குள்ள படத்தப் பாத்துடலாமா?”

அடுத்த வேலை வேறு ஊரில். எட்டு மாதமாவது ஆகும்.

“நாளைக்கு மத்தியானமே கழுவிடறேன். நெகட்டிவாவது பாத்துட்டுப் போங்க” என்றாள் சொட்டு. சொல்லிவிட்டுப் போய் அலமாரியைத் திறந்தால், ஃபிலிம் கழுவும் மருந்தான டெவலப்பர் பாட்டில் காலி மாதிரி இருந்தது. சாய்த்துப் பிடித்து சிரிஞ்சால் உறிஞ்சினாள். வழித்துத் துடைத்து மூன்று மில்லி வந்தது.

வழக்கமாக ஒரு ரோலுக்கு ஆறு மில்லி. அதை முந்நூறு மில்லி தண்ணீரில் கலப்பாள். அந்த மருந்து விற்கிறவருக்கு போன் போட்டாள். “மாசக் கடைசிலதான்மா சரக்கு வரும்” என்றார்.

அப்போது அவளுக்கு ஒன்று ஞாபகம் வந்தது. ஃபிலிம் கழுவுகிறவர்கள் கூடிப் பேசுகிற ஒரு இணையக் குழுவில் அடிக்கடி படித்திருக்கிறாள்: ஒரு பங்கு மருந்துக்கு நூறு பங்கு தண்ணீர். முதலில் ஒரு நிமிடம் ஆட்டிவிட்டு, பிறகு ஆட்டாமல் அசைக்காமல் ஒரு மணி நேரம் அப்படியே விட்டுவிட வேண்டும். மெதுவாகத்தான் வேலை செய்யும், ஆனால் அருமையாக வரும். அப்படிக் கழுவிய படங்களையும் பார்த்திருக்கிறாள், ஒன்றும் குறை சொல்ல முடியாது. முந்நூறுக்கு மூன்று. கணக்கு தைத்த சட்டை மாதிரி கச்சிதமாக இருந்தது. ‘பொறுத்திரு, புது பாட்டில் வரட்டும்’ என்று உள்ளே ஒரு குரல் சொல்லத்தான் செய்தது. ஆனால் அந்த மனுஷர் வாயைத் திறந்து ஒன்று கேட்டது எத்தனை வருடம் கழித்து?

ஞாயிறு மத்தியானம் குளியலறைக் கதவின் அடியில் துண்டைச் சொருகி, விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள். ஃபிலிமை இருட்டில் தடவித் தடவிச் சுருளில் ஏற்ற வேண்டும். ஏற்றிய பிறகு வெளிச்சம் புகாத டப்பாவில் போட்டு மூடிவிட்டால் விளக்கைப் போட்டுக்கொள்ளலாம். ஐந்து நிமிட வேலை. அன்றைக்கென்று பாதியில் சிக்கிக்கொண்டது. கையெல்லாம் வியர்த்து, ஃபிலிம் சுருளோடு ஒட்டிக்கொண்டு முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

வெளியே மகள் கதவைத் தட்டினாள். “சொட்டம்மா, தலைக்கு எண்ணெய் வச்சிட்டேன். எவ்ளோ நேரம்?”

“கதவைத் தொட்ட, கையை ஒடச்சிடுவேன்!”

“அம்மா, எண்ணெய் காதுல ஒழுகுது.”

“ஒழுகட்டும்!”

ஒருவழியாக ஏற்றி முடித்து, டப்பாவை மூடி, விளக்கைப் போட்டபோது புடவையில் பாதி நனைந்திருந்தது. தெர்மாமீட்டரை வைத்துத் தண்ணீரின் சூட்டைப் பார்த்தாள். மூன்று மில்லியை விட்டு, சிரிஞ்சை மூன்று தடவை அலசி அதையும் விட்டாள். டப்பாவில் ஊற்றி, ஒரு நிமிடம் ஆட்டி, தட்டி, வாஷ்பேசின் மேல் வைத்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

“ஒரு மணி நேரத்துக்கு யாரும் உள்ள போகக்கூடாது. அதிரக்கூடாது.”

“பாத்ரூம் போறதுக்குமா?” என்றாள் மகள்.

“ஒரு மணி நேரம் அடக்க முடியாதா உங்களுக்கெல்லாம்?”

கணவர் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார், அப்புறம் செருப்பை மாட்டிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனார். பத்து நிமிடம் கழித்து முகம் தெளிந்து திரும்பி வந்தார். மகள் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு சுவர்க் கடிகாரத்தையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

மணி ஆனது. டெவலப்பரைக் கொட்டி, தண்ணீரில் அலசி, படத்தை நிலைக்க வைக்கும் ஃபிக்ஸரை விட்டு, ஆறு நிமிடம் ஆட்டினாள். மூடியைத் திறந்து, சுருளிலிருந்து ஃபிலிமின் நுனியைப் பிடித்து இழுத்தாள்.

வெறும் கண்ணாடி மாதிரி வந்தது.

இன்னும் இழுத்தாள். அடுத்த கட்டம், அதற்கடுத்த கட்டம், கடைசிவரை அப்படியே. விளக்குக்கு நேராகப் பிடித்தால் மட்டும், ஜன்னல் கண்ணாடியில் ஊதிய மூச்சு போல ஏதோ ஒரு மங்கல். கிரேனின் இரும்புக் கை ஒரு பென்சில் கீறலாகத் தெரிந்தது. ஆள் இருக்க வேண்டிய இடத்தில் புகை.

“என்ன சொட்டம்மா, ஒண்ணுமே இல்ல?” கதவருகில் நின்ற மகள் கேட்டாள்.

“இரு. வாயை மூடிட்டு இரு.”

முதலில் கேமரா மேல் பழியைப் போட்டாள். ஷட்டர் கெட்டுப்போயிருக்கும், வெளிச்சம் உள்ளே போயிருக்காது. அப்படி இருந்தால்கூடப் பாதி நிம்மதி, விதி என்று விட்டுவிடலாம். ஆனால் ஃபிலிமின் ஓரத்தில் எண்கள் இருக்கும், ஒன்று இரண்டு மூன்று என்று. அவை கம்பெனியிலேயே பதித்து அனுப்புகிறவை, கேமராவுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. ஒழுங்காகக் கழுவினால் மை போட்டது போலக் கறுப்பாகத் தெரியும். இப்போது அவையும் மங்கலாகத்தான் இருந்தன. பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டியிருந்தது.

ஆக, எடுத்ததில் தப்பில்லை. கழுவியதில்தான்.

தண்ணீரா? நேற்று வரை இதே தண்ணீர்தான். சூடா? தெர்மாமீட்டர் கடையில் சரிபார்த்தது. மருந்து பழசா? போன மாதம் இதே பாட்டிலில் கழுவியது கரேலென்று வந்ததே. அவள் காலி பாட்டிலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் ஒட்டியிருந்த தாளின் ஓரம் பிரிந்திருந்தது. உள்ளே மடிப்பில் எறும்பு எழுத்தில் என்னென்னவோ அச்சடித்திருந்தார்கள். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு படித்தாள்.

தண்ணீர் எவ்வளவு சேர்த்தாலும் சரி, ஒரு ரோலுக்குக் குறைந்தது ஐந்து மில்லி மருந்து இருந்தாக வேண்டும் என்று இருந்தது.

சொட்டு குளியலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

இணையத்தில் அவர்களெல்லாம் அரை லிட்டர் டப்பாவில் கழுவுகிறவர்கள். நூற்றுக்கு ஒன்று என்றால் அவர்களுக்கு ஐந்து மில்லி வந்துவிடும். அவளுடையது சின்ன டப்பா. கலவை பிசகவே இல்லை. முப்பத்தாறு படத்துக்கு வேலை செய்ய அந்தத் தண்ணீரில் போதுமான மருந்துதான் இல்லை. அரை மணி நேரத்திலேயே தீர்ந்துபோயிருக்கும். மிச்ச அரை மணி நேரம் வீட்டையே மூச்சுவிடாமல் நிறுத்தி வைத்து, வெறும் தண்ணீரில் ஃபிலிமை ஊறப்போட்டிருக்கிறாள்.

இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் ஒரு அம்மா கடைக்கு வந்து, ஒரே பாட்டில் இருமல் மருந்தை இரண்டு பிள்ளைகளுக்கும் வரும்படி தண்ணீர் ஊற்றிக் கொடுத்ததாகச் சொன்னாள். சொட்டு அவளைக் கடைவாசலில் நிறுத்தி வைத்து விளாசிவிட்டாள். “பாட்டில்ல எழுதியிருக்கறதப் படிக்கறதுக்கு என்ன கேடு?” என்று கேட்டாள். இன்னும் என்னென்னவோ கேட்டாள். அந்த அம்மா இந்த நிமிடம் இங்கே வந்து பார்த்தால், ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டாம், சும்மா நின்றாலே போதும்.

இருந்தாலும் விடவில்லை. ஃபிலிமைக் காயவைத்து, வெள்ளைத் தாளின் மேல் போட்டுப் பார்த்தாள். ஜன்னலில் ஒட்டிச் செல்போனில் படமெடுத்து, கறுப்பை வெள்ளையாக்கி வெள்ளையைக் கறுப்பாக்கிப் பார்த்தாள். சாம்பல் கரைத்த தண்ணீர் மாதிரி வந்ததே தவிர முகம் வரவில்லை. மகள் தலை குளித்துவிட்டு வந்து எட்டிப்பார்த்தாள்.

“சொட்டம்மா, இது அப்பாவா, இல்ல ஃபேனா?”

“போடி அந்தப் பக்கம்!”

கணவர் உள்ளறையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். சொட்டு ஃபிலிமைக் கையில் பிடித்துக்கொண்டு போய் நின்றாள். எப்படிச் சொல்வது என்று தெரியாமல், நேராகவே சொன்னாள்.

“படம் வரல. ஒண்ணுகூட. தப்பு என்னோடதுதான். மருந்து போதல.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். கையிலிருந்த துண்டை இரண்டாக மடித்தார், நான்காக மடித்தார்.

“பரவால்ல, விடு.”

அவ்வளவுதான். சொட்டுக்குக் கோபம் உச்சி மண்டைக்கு ஏறிவிட்டது.

“என்ன பரவால்ல? எது பரவால்ல? உயிரைக் கையில பிடிச்சிட்டு ஏறினேன் நான்! பதினோரு தட்டு! உங்க கிரேன் நாளைக்குப் போயிடும், நீங்களும் போயிடுவீங்க. இனிமே எங்க எடுக்கறது? ஒரு வார்த்தை திட்டுங்களேன். ‘ஏண்டி இப்படிப் பண்ணின’ன்னு கேளுங்களேன். பரவால்லயாம் பரவால்ல!”

“திட்டினா படம் வந்துடுமா?”

“வராது. ஆனா உங்களுக்கும் வலிக்குதுன்னு எனக்குத் தெரியுமில்ல? அந்தச் சிக்னல்காரர்கிட்ட மட்டும் வாய் கிழியப் பேசத் தெரியுது. இங்க வந்தா நாக்க யாரு கட்டி வைக்கறாங்க?”

மகள் வாசற்படியில் வந்து நின்றவள், நிலைமையைப் பார்த்துவிட்டு ஓசைப்படாமல் திரும்பிப் போனாள்.

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். மடித்த துண்டு மடியிலேயே இருந்தது. பேச ஆரம்பிக்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது.

“வலிக்காம இல்ல. அந்தச் சட்டைய அதுக்குன்னுதான் எடுத்து வச்சிருந்தேன். இருபது வருஷத்துல நான் மேல என்ன பண்றேன்னு நீ கேட்டதில்ல. நானும் சொன்னதில்ல, அது என் தப்புதான். இங்க வந்தா எனக்கு எதைப் பேசறதுன்னு தெரியல. நீயும் பொண்ணும் வேகமாப் பேசறீங்க. நான் ஒண்ணு யோசிச்சு வாயத் திறக்கறதுக்குள்ள பேச்சு வேற எங்கயோ போயிடுது. மேல அப்படி இல்ல. நான் பேசினாத்தான் கீழ வேலை நடக்கும். அங்க நீ வந்து உக்காந்திருந்தப்ப... நான் நல்லா இருந்தேன். அதான் எப்படி இருந்தேன்னு பாக்கணும்னு நெனச்சேன். வேற ஒண்ணுமில்ல.”

பேச்சு வேகமாகப் போகிறதாம். இதை இருபது வருடத்துக்கு முன்னாலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? கோபம் அவர் மேலா, பாட்டிலின் மேலா, தன் மேலா என்றே பிரிக்க முடியவில்லை. கையிலிருந்த ஃபிலிமைப் பார்த்தாள். “சனியன்” என்று சொல்லிக் கட்டிலின் மேல் வீசினாள்.

அது அவருடைய திறந்திருந்த பெட்டிக்குள், மேலாக மடித்து வைத்திருந்த கறுப்பு மழைக்கோட்டின் மேல் போய் விழுந்தது. ஜன்னலிலிருந்து சாயங்கால வெயில் சரிவாக அதன் மேல் அடித்துக்கொண்டிருந்தது. எடுத்து மறுபடி எறிவதற்காகக் குனிந்தவள் அப்படியே நின்றாள்.

“ஏங்க.”

“ம்?”

“இங்க வாங்க. கிட்ட வாங்க. இல்ல, அங்க இல்ல, என் பக்கம் நின்னு பாருங்க.”

கறுப்புத் துணியின் மேல், சாய்ந்த வெளிச்சத்தில், அந்தப் புகையெல்லாம் வெள்ளியாகத் தெரிந்தது. மங்கல்கள் வெளிச்சமாகவும், வெறும் கண்ணாடியாக இருந்த இடங்கள் கோட்டின் கறுப்பாகவும் மாறி, நெகட்டிவ் நேர்ப்படமாகவே தெரிந்தது. ஏன் அப்படி என்று அவள் பிற்பாடுதான் படித்துத் தெரிந்துகொண்டாள்: மிக மெல்லிசாக வந்த நெகட்டிவ் கறுப்பின் மேல் இப்படிக் காட்டுமாம். நல்லபடி கழுவியிருந்தால் இப்படித் தெரிந்திருக்காது. அந்த நேரத்தில் காரணமெல்லாம் தோன்றவில்லை. ஒவ்வொரு கட்டமாக நகர்த்திப் பார்த்தாள். பெரும்பாலானவற்றில் ஒன்றுமில்லை. நாலைந்தில் மட்டும், கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, ஒரு மனிதர் பிடியைப் பிடித்தபடி, வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

அவர் குனிந்து, மூக்கு கோட்டில் இடிக்கும் அளவுக்கு உற்றுப் பார்த்தார்.

“இது நானா?”

“பின்ன, ஃபேனா?”

“பல்லு இவ்ளோ தெரியுது.”

“தெரியட்டும்.”

தலையைக் கொஞ்சம் அசைத்தாலும் முகம் மறைந்துவிட்டது. அதனால் இருவரும் ஒரே கோணத்தில், தோளோடு தோள் இடித்துக்கொண்டு குனிந்து நிற்க வேண்டியிருந்தது. மகளைக் கூப்பிட்டார்கள். அவள் பார்த்துவிட்டு, “அப்பா, நீ சிரிப்பியா?” என்று மட்டும் கேட்டாள். கால் மணி நேரத்தில் வெயில் ஜன்னலை விட்டு நகர்ந்தது. டார்ச் அடித்துப் பார்த்தார்கள், அதில் பாதிதான் தெரிந்தது.

அவர் அதில் ஒரு கட்டத்தைத் தனக்குக் கேட்டார். சொட்டு முதலில் முடியாது என்றாள். ஃபிலிமை ஆறு ஆறாகத்தான் வெட்ட வேண்டும், தனிக் கட்டமாக வெட்டினால் பிறகு ஒன்றுக்கும் உதவாது என்று விளக்கினாள். “இப்ப மட்டும் எதுக்கு உதவுதாம்?” என்று அவர் கேட்டார். கத்தரிக்கோலை எடுத்து வந்து வெட்டிக் கொடுத்தாள். அவர் அதை மாத்திரை உறையில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். திங்கள் காலை பஸ் ஏறிவிட்டார்.

மாதக் கடைசியில் புது பாட்டில் வந்தது. சொட்டு அன்றைக்கே பக்கத்தில் கிடைத்ததையெல்லாம் ஒரு ரோல் எடுத்தாள். கடையின் ஷட்டர், மாடிக் குழாய், கொட்டாவி விடும் மகள். ஆறு மில்லி போட்டுக் கழுவினாள். இந்தத் தடவை ஃபிலிம் ஒரே மூச்சில் சுருளில் ஏறியது. மூடியைத் திறந்து இழுத்தால், கரேலென்று, கத்தி வைத்துச் செதுக்கியது போல முப்பத்தாறும் வந்திருந்தன. ஓரத்து எண்கள்கூடக் கண்ணைக் குத்தின. குழாயின் துருவைத் தனித்தனியாக எண்ணலாம்.

அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. அந்த ஈர ஃபிலிமைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு துருப்பிடித்த குழாய்க்கு இந்த மரியாதை!

போன் போட்டாள்.

“எப்படி வந்துச்சு?” என்றார் அவர்.

“சூப்பரா வந்திருக்கு. அதான் எரிச்சலே. அன்னிக்கு வந்திருக்க வேண்டியது இன்னிக்குக் குழாய்க்கும் ஷட்டருக்கும் வந்திருக்கு. அங்க மேல ஏற விடுவாங்களா?”

“மாட்டாங்க. இங்க இருக்கறவரு கறார். கேட்டுப் பாத்துட்டேன்.”

“கேட்டீங்களா?”

“ரெண்டு தடவ. மூணாவது தடவ கேட்டா என்னையே இறக்கிடுவேன்னுட்டாரு. ஆனா ஞாயித்துக்கிழமை லீவு. தங்கற இடம் மோசமில்ல. பின்னாடி ஒரு கால்வாய் ஓடுது. நாரை மாதிரி ஏதோ வந்து நிக்குது, பேரு தெரியல. சமையல் நாங்களே முறை வச்சுப் பண்றோம், மச்சான் முறைன்னா எல்லாரும் பட்டினி. நீ வந்தா...”

சொட்டு குறுக்கே ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்புறம் வாயை மூடிக்கொண்டாள். அவர் மெதுவாக, இடையிடையே நிறுத்தி, கால்வாயைப் பற்றியும் கட்டிலில் இருக்கும் மூட்டைப்பூச்சியைப் பற்றியும் சொல்லி முடிக்கப் பதினைந்து நிமிடம் ஆனது. அதுவரை ஃபிலிம் அவள் கையிலேயே தொங்கி, தண்ணீர் முழங்கைவரை வழிந்தது.

போனை வைத்த பிறகு ஃபிலிமைக் கொடியில் மாட்டினாள். மகள் வந்து கொட்டாவிப் படத்தைப் பார்த்துவிட்டு, “இதுக்கா பாத்ரூம பூட்டி வச்ச?” என்றாள். சொட்டு முதலாளிக்கு போன் போட்டு, அடுத்த சனிக்கிழமையும் அதற்கடுத்த திங்கட்கிழமையும் லீவு வேண்டும் என்றாள்.

“சனி, திங்கள் ரெண்டுமா? கடைய யாரு பாக்கறது?”

“நீங்கதான்” என்றாள் சொட்டு. “சீட்டப் பாத்துக் குடுங்க. பின்பக்கம் பொடி எழுத்துல இருக்கறதையும் படிச்சுட்டுக் குடுங்க.”